மலையேறும் கூலிகளும் கலைஞரின் கூலியும்: கம்பம் பள்ளத்தாக்கில் சமூகப் பேணலுக்கான கலைநிதி

1. கேள்வி

பிழைப்புக்காக இடம்பெயர்ந்த மக்களின் நலம் பேணக் கலைஞர்களைப் பணியில் அமர்த்தலாம், அதற்குப் பொதுநிதி ஒதுக்கலாம் என்ற எண்ணம் உலகின் பல நகரங்களில் அரை நூற்றாண்டாகச் சோதிக்கப்பட்டு வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் குடியேறிகள் நடுவே 1972இல் தொடங்கிய கியர்னி தெருப் பட்டறை அதற்கு ஒரு முன்னோடி. தமிழ்நாட்டில் இதே கேள்வியை எழுப்ப வேண்டுமானால் அதற்குப் பொருத்தமான இடங்களுள் ஒன்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் என்று மலையடிவாரம் நெடுகிலும் உள்ள ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இவர்களுக்கு உதவும்படி கலைஞருக்குப் பணம் கொடுத்தால் பயன் விளையுமா, விளையுமென்றால் எந்த நிபந்தனையில் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கில் கலைக்குப் பணம் வராமல் இருந்ததில்லை. கட்சி கொடுத்திருக்கிறது, அரசு கொடுத்திருக்கிறது, சாவு வீடும் கொடுத்திருக்கிறது. ஆனால் கொடுத்த பணமெல்லாம் ஒரு நிகழ்ச்சிக்கான கூலியாகவே கொடுக்கப்பட்டது; மக்களோடு கலைஞர் தங்கியிருக்கும் காலத்துக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை. சிக்கலின் வேர் இதுதான் என்பது என் வாதம்.

2. யாருடைய கணக்கிலும் வராதவர்கள்

விடியுமுன்பே கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளப் பிளாஸ்டிக் தாள், தலையில் முண்டாசு என்று பெண்கள் ஏறுவார்கள். லோயர் கேம்ப் வழியே குமுளிக்கும், கம்பம்மெட்டு வழியே வண்டன்மேடு, நெடுங்கண்டம் பகுதிகளுக்கும், போடிமெட்டு வழியே சாந்தன்பாறைக்கும் வண்டிகள் கொண்டையூசி வளைவுகளில் மேலேறும். பொழுது சாயும்போது அதே வழியில் திரும்பும்.

காய் எடுப்பு பார்ப்பதற்கு எளிய வேலைபோல் தெரியும். ஏலச்செடியின் காய், தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே செடிக்குச் செடி தூரடியில் குந்தி, சரத்தை விரல்களால் நீவி, முற்றிய காயை மட்டும் கிள்ளி எடுத்து, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். ஒரு பருவத்தில் இப்படிப் பல சுற்றுகள். மழையும் அட்டைக்கடியும் முட்டிவலியும் பூச்சிமருந்தின் நெடியும் இந்த வேலையோடு ஒட்டியே வருபவை. எடுத்த காய் உலர்ந்து புத்தடியிலும் போடியிலும் ஏலத்துக்குப் போகும்போது அதற்குப் பெரும் விலை கிடைக்கிறது. எடுத்தவருக்குக் கிடைப்பது நாட்கூலி.

மாலையில் வீடு திரும்பிவிடுவதால் இவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்று எவரும் எண்ணுவதில்லை. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் ஆள் சேர்ப்பதை வரையறுத்தது. பதிவேடு, பயணப்படி, இடப்பெயர்வுப்படி ஆகியவற்றைக் கோரியது. ஜீப் வைத்திருப்பவரும் கங்காணியும் நடைமுறையில் ஒப்பந்ததாரர்தாம். ஆனால் அவர்களுக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுதிய தாள் ஏதும் இருப்பதில்லை. இடம்பெயர்ந்த தொழிலாளருக்கெனக் கேரளம் 2017இல் ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எழுத்தறிவு இயக்கத்தின் ‘சங்ஙாதி’ வழியே அவர்களுக்கு மலையாளமும் கற்பித்தது. இவை பெரிதும் மாநிலத்துக்குள் தங்கி வேலை செய்யும் வங்க, ஒடிய, அசாமியத் தொழிலாளரை நோக்கியவை. தமிழ்நாட்டுக்கோ இவர்கள் உள்ளூர்வாசிகள். இரண்டு அரசுகளின் திட்டங்களுக்கும் நடுவிலுள்ள மலைப்பாதையில்தான் இவர்களின் உழைப்பு நாள் கழிகிறது.

பேணல் என்ற சொல்லால் இங்கே எதைக் குறிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமும் மருந்தும் மட்டும் அதில் அடங்குவதில்லை. தாய் இருட்டில் கிளம்பிப் போன பிறகு குழந்தை தானாக எழுந்து பள்ளிக்குப் போகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்தக் குழந்தையின் வயிற்றுக்கு ஒரு வழி செய்தது. இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அதை மிகப் பெரிய பேணல் திட்டம் என்றே சொல்வேன். மாலையில் வெறும் வீட்டுக்குத் திரும்பும் குழந்தை, மலையேற முடியாமல் திண்ணையில் தங்கிவிட்ட மூதாட்டி, கணவனை இழந்தவர், குடிகாரக் கணவனோடு மல்லுக்கட்டுபவர் ஆகியோருக்கு அப்படி ஒரு வழி இன்னும் பிறக்கவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் வெடித்தபோது இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு அடிவாரத்துக்கு ஓடிவந்தார்கள். எல்லை திறந்ததும் கூலிக்காக அதே தோட்டங்களுக்கு மறுபடி போனார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லை மூடியபோது கூலியே நின்றது. இந்த அச்சங்களையெல்லாம் இறக்கிவைக்க இடமில்லாமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாளைக் கடத்தும் மக்கள் இவர்கள்.

3. கலை பேணுமா: ஆய்வுகள் சொல்வன

கலையின் சமூகப் பயன் பற்றிய விவாதத்தில் மூன்று குரல்களைக் கவனிக்கலாம். பிரிட்டனில் பிரான்சுவா மாட்டராசோ 1997இல் வெளியிட்ட ஆய்வு, கலைத் திட்டங்களில் பங்கேற்போருக்குத் தன்னம்பிக்கையும் உறவுகளும் பெருகுவதாகப் பட்டியலிட்டது. அரசுகள் அதை விரும்பி ஏற்றன. 2002இல் பவோலா மெர்லி அந்த ஆய்வின் முறையைக் கடுமையாக விமர்சித்தார். பங்கேற்றவர்கள் சொன்னதையே சான்றாகக் கொண்டது ஒரு குறை. வறுமையின் காரணங்களைத் தொடாமல் வறியவரைச் சமாதானப்படுத்தக் கலையைப் பயன்படுத்துவது அதைவிடப் பெரிய குறை என்றார். கிளேர் பிஷப் 2012இல் எழுதிய நூலில் வேறொரு ஐயத்தை எழுப்பினார்: அரசு கைவிட்ட நலப்பணியைக் கலைஞர் தலையில் கட்டுவதற்குப் ‘பங்கேற்புக் கலை’ ஒரு போர்வை ஆகிவிடுகிறதா?

மறுபுறம், உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவுக்காக டெய்சி ஃபேன்கோர்ட்டும் சீர்ஷா ஃபின்னும் 2019இல் தொகுத்த அறிக்கை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளை அலசி, நோய் தடுப்பிலும் மனநலத்திலும் முதுமைப் பேணலிலும் கலைக்கு இடமுண்டு என்று முடிவு கூறியது. இரு தரப்பையும் எடைபோட்டால் மெர்லியின் எச்சரிக்கையே கம்பத்துக்கு அதிகம் பொருந்துகிறது. கூலி உயராமல், ஜீப்பில் அளவுக்கு மீறி ஆளேற்றுவது நிற்காமல், பாட்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் அது அந்தப் பெண்களை ஏய்ப்பதாகும்.

தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்த வரலாறு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் அரசின் டானிடா நிதியுதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதியாகப் பெண்சிசுக் கொலைக்கு எதிரான கலைப்பயணம் நடைபெற்றது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆட்சிப்பணி அலுவலர் ஷீலா ராணி சுங்கத்தும் அதைப் பற்றி 2000இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதினார்கள். அக்கட்டுரையைப் படிக்கும்போது தெளிவாவது இது: நாடகம் தனியாக வேலை செய்யவில்லை. கிராம சுகாதார செவிலியர், சங்கப் பெண்கள், மாவட்ட நிர்வாகம் எல்லாம் சேர்ந்த ஒரு முயற்சியின் வாயாக அது இருந்தது. நாடகம் முடிந்த மறுநாளும் அந்த ஊருக்கு வருவதற்கு ஒரு செவிலியர் இருந்தார். பயனில் கலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அரிது. அப்படிப் பிரிக்க முற்படுவதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

4. பள்ளத்தாக்கில் கலைக்குப் படியளந்தவர்கள்

இந்த வட்டாரத்தில் கலை வழியே பேணிய மிகப் பழைய வடிவம் சாவு வீட்டில்தான் இருக்கிறது. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றும் தப்புக்காரர், மாரடித்து ஒப்பாரி வைக்கும் மூத்த பெண்கள் என இவர்களே துயரத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுப்பவர்கள். ஒப்பாரியில் இறந்தவரோடு சேர்த்துப் பாடுபவரின் சொந்தத் துயரமும் வெளிவரும். வேறெந்த இடத்திலும் சொல்ல முடியாத புகாரை ஒரு பெண் அங்கே ஊர் கேட்கச் சொல்லிவிட முடியும். இதற்கான செலவை அந்தக் குடும்பமே ஏற்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடியில் சாதி கிடக்கிறது. தப்படிப்பதை ஒரு சாதியின் கடமையாக்கி, மறுத்தவர்களை ஒறுத்த வரலாறு தமிழகமெங்கும் உண்டு. ஆகவே ‘நம் மரபிலேயே சமூகப் பேணல் இருக்கிறது’ என்று பெருமை பேசுவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை. இழிவாகச் சுமத்தப்பட்ட வேலை, விரும்பி ஏற்கும் கலையாகவும் மதிப்பான ஊதியமாகவும் மாறினால்தான் அதைப் பேணல் நிதியின் அடித்தளமாகக் கொள்ள முடியும்.

அடுத்துப் படியளந்தது கட்சி. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் கதை இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. மொழிவழி மாநிலங்கள் 1956இல் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துக்குப் போயின. தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் 1957 வெற்றி செல்லாதென்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தின் ஈ.எம்.எஸ். அரசுக்கு அது மானப் பிரச்சினை. கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாவலர் அந்த மலையில் பாடினார். மக்கள் வாயில் புழங்கிய மெட்டுகளில் தொழிலாளியின் பாட்டை ஏற்றிப் பாடுவது அவர் பாணி. ரோசம்மா மறுபடியும் வென்றார். பாவலரின் தம்பி, பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர், சிறுவனாக அந்தக் குழுவில் சேர்ந்ததும் அக்காலத்தில்தான்.

இதைத் தேர்தல் பிரசாரம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. வேறு மொழி பேசும் மாநிலத்தில், லயத்து வரிசையில் வாழ்ந்த தொழிலாளி தன் மொழியில் தன் கூலியைப் பற்றிய பாட்டைக் கேட்டபோது, தான் தனியாள் இல்லை என்று உணர்ந்திருப்பார். பேணலின் முதல் படி அதுதான். அந்தப் பாட்டுக்குக் கட்சி ஒரு விலை வைத்திருந்ததும் உண்மையே. வாக்குப்பெட்டி மூடியதும் மேடையும் இறங்கியது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் சாலையில் அமர்ந்தபோது கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்தார்கள். தங்களுக்காகப் பிறர் பேசியது போதும் என்ற அந்த முடிவைக் கலைக்கு நிதி தருவோரும் படித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக அரசு. 1954இல் தொடங்கிய மைய அரசின் பாடல் நாடகப் பிரிவு, 1990களின் அறிவொளி இயக்கம், எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரங்கள், 2021இன் ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆகியவை கலைக்குழுக்களை நம்பியே ஊருக்குள் போயின. அறிவொளிக்கு இந்த வரிசையில் தனி மதிப்பு உண்டு; பாடியவரும் கற்றவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள், மாலை வகுப்பு பாட்டைத் தாண்டியும் நீடித்தது. மற்றவற்றில் பெரும்பாலும் குழுவுக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பணம். வேன் வரும், பதாகை கட்டுவார்கள், பறை முழங்கும், அரைமணி நேரத்தில் செய்தி சொல்லி முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதுவும் பகலில் வந்தால், செய்தி யாருக்காகவோ அவர் மலைமேல் ஏலச்செடித் தூரில் குந்தியிருப்பார். இயல் இசை நாடக மன்றத்தின் விருதும், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் உதவிகளும் கலைஞரைப் பேணுபவை. அவை தேவை, போதாமலும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் நோக்கம் வேறு.

திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோம்பையைச் சேர்ந்த லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து 2018இல் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ஏலக்காய் சுமக்கும் மனிதர்களை உள்ளூர் முகங்களோடு காட்டியது. இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்த வேறு படைப்பை நான் அறியேன். ஒரு தனிமனிதரின் துணிவால் அது நிகழ்ந்தது. அந்தத் துணிவை ஒரு நிதி முறையாக மாற்ற முடியாது.

5. மட்டக்களப்பிலிருந்து ஒரு சான்று

கலைஞரின் காலத்துக்கு நிதி தந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ் நிலத்திலேயே சான்று தேட வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். போருக்கு நடுவே 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் முன்நின்று அங்கே ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’வைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் குழந்தைகள் வாரத்துக்கொரு நாள், மாதக்கணக்கில், ஒரே இடத்துக்கு வந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விளையாடினார்கள். நடத்தியவர்கள் பெரும்பாலும் அதே மண்ணின் இளைஞர்கள்; அவர்களுக்கு அது நிலையான வேலையாக இருந்தது. என்ன செய்தி சொல்ல வேண்டும் என்று அங்கே எவரும் கட்டளையிடவில்லை. குழந்தை பேசாமல் உட்கார்ந்திருக்கவும் அனுமதி இருந்தது. யாழ்ப்பாணத்தில் க. சிதம்பரநாதன் நாடகத்தின் வழியே செய்த பணியும், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனவடுக்களைப் பற்றி எழுதியவையும் இதே திசையைக் காட்டுகின்றன: ஆற்றுப்படுத்தல் தொடர்ச்சியில்தான் கூடிவருகிறது.

போரின் வடுவும் கூலி வேலையின் களைப்பும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

6. எதற்குக் கூலி

அமெரிக்காவில் 1973இல் வந்த ‘சிட்டா’ என்னும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் ஏறத்தாழ 10,000 கலைஞர்கள் ஊதியம் பெற்றார்கள். நியூயார்க்கில் நடந்த திட்டத்தில் கலைஞருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர். வாரத்தில் நான்கு நாள் பள்ளி, முதியோர் இல்லம், குடியேறிகளின் மன்றம் போன்ற இடங்களில் பணி, ஒரு நாள் தம் சொந்தக் கலைக்கு. அரசு மாறியதும் 1980களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. அயர்லாந்து 2022இல் வேறொரு வழியில் போனது: குலுக்கலில் தேர்ந்த 2,000 கலைஞர்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் வாரம் 325 யூரோ. கேரளமே 2018இல் தன் வைரவிழா உதவித்திட்டத்தில் 1,000 இளங்கலைஞர்களுக்கு மாத உதவி தந்து உள்ளாட்சிகளில் மக்களுக்கு இலவசமாகக் கலை கற்பிக்க வைத்தது.

கம்பத்துக்கு நெருக்கமானது நியூயார்க் முறையும் கேரள முறையும். அயர்லாந்தின் பெருந்தன்மை கலைஞரின் உரிமையைப் பற்றியது. பேணலைப் பற்றியது அன்று. நிகழ்ச்சிக்குப் பணம் என்ற கணக்கை மாத ஊதியமாக மாற்றினால் மூன்று செய்திகள் உடனே மாறும். முதலாவது, கலைஞர் ஜீப் திரும்பும் நேரத்துக்காகக் காத்திருக்க முடியும். இன்றைய முறையில் காத்திருப்பது அவருக்கு இழப்பு. இரண்டாவது, பெண்கள் தாமே பாட்டுக் கட்ட நேரம் கிடைக்கும். நடவிலும் களையெடுப்பிலும் பாடிப் பழகிய மரபினர் அவர்கள். தங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையைவிடத் தாங்கள் சொல்ல விரும்பும் புகார் அவர்களிடம் அதிகம். மூன்றாவது மிகக் கடினமானது: கலைஞர் கேட்டறியும் செய்திகளுக்குப் போக்கிடம் வேண்டும். ஒரு பெண் பாட்டில் சொன்ன மூச்சுத்திணறலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், கூலிப் பாக்கியைத் தொழிலாளர் துறைக்கும் கொண்டுபோகத் துணை ஆள் இல்லாவிட்டால் தருமபுரியில் நிகழ்ந்தது இங்கே நிகழாது. ஆகவே கலைஞரின் ஊதியத்தோடு ஒரு சுகாதாரப் பணியாளரின் ஊதியமும் அதே தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும்.

கலைஞர் யார் என்பதிலும் கறார் வேண்டும். சென்னையிலிருந்து வரும் நாடகக்காரரை நான் விலக்கவில்லை. ஆனால் தப்புக் கலைஞர், ஒப்பாரி பாடும் மூதாட்டி, தேவராட்டம் ஆடும் இளைஞர், பழைய அறிவொளிப் பாடகர் ஆகியோர் விண்ணப்பத் தாளின் மொழியாலேயே வெளியே நிறுத்தப்படக் கூடாது. பெங்களூரில் 1993இல் உருவான இந்தியக் கலை அறக்கட்டளை போன்ற தனியார் நிதியங்கள் கலைஞரின் ஆய்வுக்கும் செயலுக்கும் மதிப்பளித்து உதவுகின்றன. எனினும் எழுத்தில் திட்டம் தீட்டத் தெரிந்தவருக்கே அவை எட்டும். வாய்மொழியில் சொல்லும் திட்டத்தை ஏற்பதும், தேர்வுக் குழுவில் காய் எடுக்கும் பெண்கள் பாதிப்பேர் இருப்பதும் இங்கே தொடக்க விதியாக வேண்டும்.

7. எல்லையின் இரு பக்கமும்

எந்த அரசு இந்தப் பணத்தைக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. உழைப்பின் பயன் இடுக்கியில் சேர்கிறது. பேணலின் சுமை தேனியில் விழுகிறது. ஏலத்தோட்ட முதலாளிகளில் தேனிக்காரர்களும் உண்டு என்பதால் இதை இரு மாநில வழக்காகச் சுருக்குவதும் சரியன்று. நியாயப்படி மூவரும் பங்கேற்க வேண்டும்: இரு மாவட்ட நிர்வாகங்களும் தோட்ட உரிமையாளர்களும்.

இது நடக்கக் கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறையைச் சுட்டலாம். கூடலூருக்கு மேலே எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கொரு நாள், சித்திரை முழுநிலவன்று திறக்கிறது. கோயில் யாருக்கு என்ற வழக்கு தீராமலே, ஒவ்வோர் ஆண்டும் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூட்டுக் கூட்டம் போட்டு, வண்டித் தடம், குடிநீர், மருத்துவக் குழு, காவல், வனத்துறை அனுமதி எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உரிமைச் சிக்கலை ஒத்திவைத்துவிட்டுப் பணியைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இரு அலுவலகங்களுக்கும் இருக்கிறது. அதே கூட்டத்தின் நிரலில் ஏலத்தோட்டத் தொழிலாளர் பேணல் என்றொரு தலைப்பைச் சேர்த்து, முதல் ஆண்டில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று தடங்களுக்கும் தடத்துக்கு இரு கலைஞர், ஒரு சுகாதாரப் பணியாளர் என்று தொடங்கலாம். காய் எடுப்புப் பருவம் முழுவதும் அவர்கள் அந்தந்தத் தடத்தின் ஊர்களிலேயே தங்கிப் பணி செய்ய வேண்டும். நடத்திய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை அவர்களிடம் எவரும் கேட்கக் கூடாது. எந்தெந்த வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், அங்கே எழுந்த எந்தப் புகார் எந்த அலுவலகத்தில் தீர்ந்தது, எது தீரவில்லை என்ற பதிவேட்டைக் கேட்க வேண்டும். அதைப் படித்துக் கேள்வி எழுப்பும் உரிமை அந்தத் தடத்தில் மலையேறும் பெண்களுக்கு இருக்க வேண்டும்.